அடுப்படியில் நிற்பவரும் பந்தியில் உட்கார வேண்டும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு இரவு உணவு பெரும்பாலும் தோசைதான். தோசையின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஐந்து பேருக்கும் அது சுடச்சுடப் போய்ச் சேர வேண்டுமென்றால், ஒருவர் கடைசிவரை கல்லின் முன்னால் நின்றே ஆக வேண்டும். என் அத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படி நின்றவர். எல்லோரும் கை கழுவிய பிறகு, மிச்ச மாவில் ஊற்றிய தோசையைத் தனியே உட்கார்ந்து சாப்பிட்டவர். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் நான் பாஸ்தாவை ஓவனில் வைக்கத் தொடங்கியது அதனால்தான். பிள்ளைகளின் ஆசைக்காகச் செய்கிறேன் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

300 கிராம் பென்னே பாஸ்தாவை உப்புப் போட்ட கொதிநீரில் வேகவைத்து, பாக்கெட்டில் சொல்லியிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பாகவே வடித்துவிட வேண்டும். முதல் முறை நான் முழுதாக வேகவிட்டதால், ஓவனுக்குள் சாஸின் ஈரத்தில் அது மறுபடியும் வெந்து களிபோலக் குழைந்துவிட்டது. அடுத்து, 40 கிராம் வெண்ணெயில் அதே அளவு மைதாவைச் சிவக்கவிடாமல் பச்சை வாசனை போக வறுத்து, முக்கால் லிட்டர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். இதைக் கெட்டியாகும்வரை அடுப்பிலேயே விடக்கூடாது. மோர்க்குழம்புப் பதத்தில் இறக்கினால்தான், பாஸ்தா உறிஞ்சியது போகக் கொஞ்சம் மிஞ்சும். மகாராஜநகர் உழவர் சந்தையில் அன்று வாங்கிய கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எதுவானாலும் வதக்கி, மிளகுத்தூளோடு கலந்துகொள்ளலாம்.

தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இந்த வெள்ளைச் சாஸ் அந்நியமாகப் படாது என்பது என் உறுதியான எண்ணம். மறுவீட்டுப் பந்தியில் தேங்காய்ப்பாலின் இளம் இனிப்பை ரசிக்கத் தெரிந்த நாம், பாஸ்தா என்றவுடன் மிளகாய்த்தூளைக் கொட்டுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சொதிக்கு வைக்கும் அதே இஞ்சித் துவையலை இதற்கும் தொட்டுக்கொள்ள வைக்கிறேன், நன்றாகவே சேருகிறது.

இதுவரையான வேலையை மதியமே முடித்து, கண்ணாடித் தட்டில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். சில்லென்ற கண்ணாடியை அப்படியே சூட்டில் வைத்தால் விரிசல் விடும் என்பதால், அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுவேன். மேலே 150 கிராம் சீஸைத் துருவித் தூவி, 180 டிகிரி சூட்டில் 25 நிமிடம் விட்டால், ஓரங்களில் சீஸ் கொதித்துப் பழுப்பேறி மொறுமொறுவென்று ஒட்டிக்கொள்ளும். உடனே வெட்டாமல் 10 நிமிடம் ஆறவிட்டால் துண்டு சிதறாமல் வரும்.

அந்த 25 நிமிடமும் அடுப்படியில் யாருக்கும் வேலை இல்லை. போன வாரம் பாயை விரித்து, நடுவில் மணைப்பலகையின் மேல் தட்டை வைத்தபோது, அத்தைதான் முதலில் வந்து உட்கார்ந்தார். இரண்டாம் முறை பரிமாற நான் எழுந்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, கரண்டியைத் தானே எடுத்து, மூலையில் ஒட்டியிருந்த மொறுமொறுப்பான சீஸைச் சுரண்டித் தன் தட்டில் பாதியும் என் தட்டில் பாதியுமாகப் போட்டார்.