கமுதி மின்சாரமும் இராமேசுவரத்தின் இரவுத் தேவையும்

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருப்பதால், இராமேசுவரத்தில் எத்தனை விடுதிகள் பெருகினாலும் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு வெளி மின்சாரம் தேவைப்படாது என்று ஒருவர் குறிப்பிட்டுள்ளார். நிலையத்தின் அளவு சரிதான். ஆனால் 2016இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையம் மாநில மின்தொகுப்புக்கே மின்சாரம் தருகிறது. தவிரவும், 648 என்பது நல்ல வெயிலில் எட்டக்கூடிய உச்சத் திறன் மட்டுமே என்பதால், தரிசனம் முடித்துத் திரும்பும் யாத்ரிகர்கள் அறைக்கு அறை ஏ.சி. போடும் இரவு எட்டு மணிக்கு (கடலோரப் புழுக்கத்தில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது) அங்கே உற்பத்தியே இருப்பதில்லை. நகரம் வளர வளரக் கூடும் இந்த இரவுத் தேவையைப் பிற மின்நிலையங்களே ஈடுகட்டுகின்றன. ஐயமிருப்பவர்கள், மாடியில் சூரியத் தகடு வைத்திருக்கும் வீட்டில் இன்வெர்ட்டர் திரை இரவு எட்டு மணிக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கலாம். கமுதிக்கும் அதே சூரியன்தான்.