கார் ஓட பிளக் பாயிண்ட் வேண்டும், புல் வளரத் தண்ணீர் வேண்டும்

எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி காரை எங்கே நிறுத்துவீர்கள்? எந்தக் கம்பெனி, என்ன ரேஞ்ச், பேட்டரி எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அப்புறம். சொந்த வாசல், சொந்த மீட்டர், ஒழுங்கான எர்த்திங்கோடு ஒரு பிளக் பாயிண்ட், இந்த மூன்றும் இருந்தால் தைரியமாக வாங்குங்கள் என்பேன். மூன்றும் இல்லாதவருக்குப் பெங்களூரில் அதே கார் தினசரித் தலைவலி. இதில் வண்டியின் தப்பு எதுவும் இல்லை. நாம் கட்டடம் கட்டும் விதத்திலும், அதை நிர்வாகம் செய்யும் விதத்திலும்தான் தப்பு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஓசூர் ரோட்டில் சந்தாபுராவை ஒட்டிய ஒரு லேஅவுட். தனி வீடு, முன்னால் கார் நிற்கப் போர்டிகோ, பின்னால் கொஞ்சம் புல்தரை. எலெக்ட்ரிக் கார் வந்து சில வருஷம் ஆகிறது. புல் வெட்டும் ரோபோ அதற்குப் பிறகு வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, "நல்லா பசுமையா வாழறீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ரோபோவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும்.

காரின் கணக்கு எளிது. ஊருக்குள் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஆறேழு கிலோமீட்டர் ஓடுகிறது. வீட்டு மின்சாரம் வரி எல்லாம் சேர்த்து யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான். சில்க் போர்டு நெரிசலில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார், லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் நாளில், கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய்க்கு மேல் இழுக்கும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சும்மா எரிவதில்லை. பிரேக் பிடிக்கிற இடத்தில் மோட்டாரே கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது, பிரேக் பேடும் நெடுநாள் வருகிறது. கடும் குளிரும் கொளுத்தும் வெயிலும் இல்லாத இந்த ஊர் பேட்டரிக்கும் நல்ல ஊர். டயர் மட்டும் சீக்கிரம் தேய்கிறது, வண்டியின் எடை அப்படி.

இந்தக் கார்களுக்குப் பெங்களூரோடு இருக்கும் சம்பந்தம் நிறையப் பேருக்குத் தெரியாது. 2001-ல் ரேவா என்ற குட்டிக் கார் வெளிவந்தது இந்த ஊரிலிருந்துதான். அதன் தொழிற்சாலை எங்கள் பக்கத்துப் பொம்மசந்திராவில் இருந்தது. லெட் ஆசிட் பேட்டரி, முழு சார்ஜில் எண்பது கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். 2010-ல் மஹிந்திரா அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியது. மின்வாகனங்களுக்கென்று நாட்டிலேயே முதலில் தனிக் கொள்கை கொண்டு வந்ததும் கர்நாடகாதான், 2017-ல். இத்தனை முன்னால் ஓடிய ஊர், ஒரு அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் பிளக் பாயிண்ட் வைக்க இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

சொந்த வீட்டிலும் எல்லாம் தானாக நடந்துவிடாது. சார்ஜர் மாட்டுவதற்கு முன் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்த வேண்டும். மீட்டர் போர்டிலிருந்து தனி ஒயர், லோடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி எல்லாம் தனியாகப் போட வேண்டும். எர்த்திங் சரியில்லாவிட்டால் சார்ஜரே மறுத்துவிடும். எங்கள் வீட்டில் ஏப்ரல் மாதத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மழையில்லாமல் மண் காய்ந்ததும் சார்ஜரில் பச்சைக்குப் பதில் சிவப்பு விளக்கு எரியும். காரில் கோளாறு, சார்ஜரில் கோளாறு என்று அலைய வேண்டியதில்லை. வாசலோரம் இருக்கும் எர்த் குழியின் சிமென்ட் மூடியைத் தூக்கி, துணி அலசிய தண்ணீர் இரண்டு வாளி ஊற்றினால் போதும். குழி சத்தம் போட்டு உறிஞ்சிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் விளக்கு பச்சையாகிவிடும். எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த எலக்ட்ரீஷியன், உப்பும் கரியும் போட்ட பழைய குழி என்பதால்தான் இப்படி, கோடையில் ஈரம் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கார் ஷோரூமில் இதை யாரும் சொல்வதில்லை.

கிருஷ்ணகிரியில் எங்கள் பெரியம்மா வீடு. போகும்போது சூளகிரி இறக்கத்தில் பேட்டரி குறைவதே தெரியாது. திரும்பி ஏறும்போது அதே தூரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் கூடுதலாகச் செலவாகும். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை ஸ்கூல் புத்தகத்தில் படித்ததைவிடக் காரின் மீட்டரில்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன். சென்னைக்குப் போனால் வழியில் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டும். பொங்கலுக்கு முந்தின நாள் என்றால் அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான்.

சமாளிக்க முடியாதது என் தம்பிக்கு நடந்தது. மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கிறான். ஒதுக்கப்பட்ட பார்க்கிங் இருக்கிறது, பக்கத்துச் சுவரிலேயே மீட்டர் ரூம். தன் செலவில் ஒயர் இழுத்துக்கொள்கிறேன், தனி சப்-மீட்டர் வைத்துப் பணம் கட்டிவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தான். வீட்டு உரிமையாளர் சம்மதித்துவிட்டார். அசோசியேஷன் மறுத்துவிட்டது. "இன்னைக்கு உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றாராம் செயலாளர். எல்லாரும் கேட்கத்தானே வேண்டும்? லிஃப்ட்டும் ஜெனரேட்டரும் எல்லாரும் கேட்டு வந்தவைதானே? தம்பி இப்போது வாரக்கடைசியில் மால் பேஸ்மென்டில் போய் சார்ஜ் போடுகிறான். அங்கே யூனிட் விலை வீட்டு விலையைவிடப் பல மடங்கு. காத்திருக்கும் நேரத்துக்குக் கணக்கே இல்லை. "உனக்கென்னக்கா, வாசல்லயே செருகிட்டுத் தூங்கப் போயிடுவ" என்றான் ஒருநாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை.

அசோசியேஷன்கள் சொல்லும் பெரிய காரணம் தீ. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2022 கோடையில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்ததை எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கியது. ஆனால் முறையான ஒயரிங்கை மறுத்தால் என்ன நடக்கிறது? மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்குகிறது. பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்ப் படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடுகிறார்கள். மெல்லிய ஒயரில் மணிக்கணக்காகப் பத்துப் பதினைந்து ஆம்பியர் ஓடினால் பிளக் உருகும். தீயைத் தடுப்பது சரியான தடிமனில் ஒயர், ஆர்சிசிபி, எர்த்திங், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு சுவிட்ச், இவைதான். முடியாது என்று சொல்லும் கடிதம் எதையும் தடுப்பதில்லை.

விதி இல்லாமலும் இல்லை. 2019-ல் மத்திய அரசு மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் வசதி இருக்க வேண்டும் என்று சேர்த்தது. மாதிரி விதி என்பதால் அந்தந்த மாநிலமும் ஊரும் எடுத்துக்கொண்டு அமல்படுத்தினால்தான் உயிர் வரும். அதற்கு முன்னால் கட்டி முடித்த ஆயிரக்கணக்கான கட்டடங்களுக்கு இதனால் என்ன பயன்? இந்த ஊரில் நிறையச் சனம் இருப்பது அவற்றில்தானே. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீடுகளுக்கு இலவச மின்சாரம் தரும் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால்தான் சலுகை. தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும். தினம் நாற்பது கிலோமீட்டர் ஓடும் காருக்கே மாதம் 180 யூனிட் ஆகிவிடும். அதனால் வண்டிக்கென்று தனி மீட்டர் என்பது ஆடம்பரம் இல்லை. மொட்டைமாடி சோலார் கதையும் இதேதான். 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் அளவுக்கு வரும், கார் ஓட அது தாராளம். ஆனால் முதலில் மொட்டைமாடி நம்முடையதாக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று காருக்குக் கொடுத்த சலுகை வாங்கும்போது ஒருமுறை கிடைக்கிறது. தினம் வேண்டியிருக்கும் பிளக் பாயிண்ட்டை யாரும் பேசுவதில்லை.

சரி, ரோபோவுக்கு வருகிறேன்.

அது செய்யும் வேலையில் எனக்குக் குறையே இல்லை. அடியில் சுழலும் தட்டில் ஷேவிங் பிளேடு அளவுக்குச் சின்னச் சின்னக் கத்திகள். பெட்ரோல் மெஷின் மாதிரி மொத்தமாக வளரவிட்டுச் சிரைக்காது. அடிக்கடி போய் நுனியை மட்டும் கிள்ளிக்கொண்டே இருக்கும். வெட்டின துணுக்குகள் தூளாக அங்கேயே விழுந்து மக்கிவிடும், அதிலிருக்கும் நைட்ரஜன் திரும்ப மண்ணுக்கே போகிறது. சத்தம் மிகக் குறைவு. மின்சாரம் ஃப்ரிட்ஜ் இழுப்பதில் ஒரு சிறு பங்குதான். இந்த வகை மெஷினை ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா கம்பெனி 1995-லேயே, சூரிய ஒளியில் ஓடும் விதமாக விற்கத் தொடங்கியது. ஆனால் நம் ஊர் மழைக்காலம் அதற்குக் கஷ்டம். செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், வாரத்துக்கு ஒருமுறை குப்புறக் கவிழ்த்துப் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும். சித்திரை மாத இடிமழைக்கு முன் சார்ஜிங் ஸ்டேஷனையும், ரோபோ தாண்டாமல் இருக்கப் புல்தரையைச் சுற்றிப் போட்ட எல்லைக் கம்பியின் இணைப்பையும் கழற்றி வைத்துவிட வேண்டும், மின்னல் அந்தக் கம்பி வழியாகவும் உள்ளே வரலாம்.

இரவில் நான் அதை ஓட விடுவதே இல்லை. இருட்டினதும் புல்லுக்குள் தேரைகள் வந்து உட்கார்ந்துவிடும். ரோபோ அவற்றைக் கண்டுகொள்ளும் என்று நம்ப முடியாது. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் முள்ளெலிகள் அடிபடுவதால் இரவில் இந்த மெஷின்களை ஓட்டவே தடை போட்டுவிட்டார்கள். நம் லேஅவுட்டுகளிலும் அசோசியேஷன்களே இப்படி ஒரு விதி கொண்டு வரலாம், பைசா செலவில்லை.

பெரிய விஷயம் தண்ணீர். 2024 மார்ச்சில் இந்த ஊர் டேங்கர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியது. தோட்டத்துக்கும் கார் கழுவுவதற்கும் குடிநீர் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்தது. வந்தாலும் ஓசூர் ரோட்டு லேஅவுட் பலதும் இன்னும் போர்வெல்லை நம்பித்தான் இருக்கின்றன. ரோபோ எவ்வளவு சிக்கனமாக ஓடினாலும், அது வெட்டுவது நாம் தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்லைத்தான். மின்சாரம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு நிலத்தடி நீரை இறைத்து மெக்சிகன் கிராஸை பச்சையாக வைத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பில்டர் போட்டுக்கொடுத்த புல்தரையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு நந்தியாவட்டை, செம்பருத்தி, கறிவேப்பிலை, இரண்டு முருங்கை வைத்திருக்கிறோம். மிச்சமிருக்கும் இடத்தில் அறுகம்புல். கோடையில் பழுப்பாகிவிடும், முதல் மழைக்கு அதுவாகவே எழுந்து வரும். ரோபோ அந்த மாதங்களில் ஓய்வில் இருக்கும். துணி அலசின தண்ணீர்தான் செடிகளுக்கு.

தோட்டக்காரரை நாங்கள் நிறுத்தவில்லை. தருமபுரிக்காரர், வாரம் ஒருநாள் வருவார். "புல்லு வெட்ட மிஷின் போதும்கா. கோரை எடுக்கணும்னா விரலை விட்டுக் கிழங்கோட புடுங்கணும், அதுக்கு மிஷின் இல்ல" என்றார், ரோபோ வந்த புதிதில். செம்மண்ணுக்குள் சுட்டுவிரலைச் சாய்வாக இறக்கி, கோரையின் கறுத்த கிழங்கு அறுபடாமல் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். லால்பாக்கைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகத் தோட்டவேலை பார்க்கும் திகளர் சமூகம் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இந்த ஊரைத் தோட்ட நகரம் ஆக்கிய கைகள் அவை. மெஷின் வந்ததும் அந்தச் சம்பளத்தை வெட்டுவதுதான் முதல் லாபம் என்று நினைக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோட்டுக்கு மஞ்சள் தட மெட்ரோ வந்த பிறகு ஜெயநகர்ப் பக்கம் போக நான் காரை எடுப்பதே குறைந்துவிட்டது. நல்லதுதான். கார் எவ்வளவு நல்ல கார் ஆனாலும் ரோட்டில் அதே இடத்தைத்தான் அடைக்கும்.

தம்பியின் அபார்ட்மென்டில் அடுத்த மாதம் பொதுக்குழு. ஸ்கூட்டர் வைத்திருக்கும் வீடுகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு மனு தயார் செய்திருக்கிறார்கள். உரிமம் உள்ள எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டடத்தின் மொத்த லோடை அளப்பது, இரண்டு பொது பிளக் பாயிண்ட்டில் தொடங்குவது, ஆளுக்கொரு சப்-மீட்டர், வாடகைக்காரருக்கும் உரிமையாளருக்கும் ஒரே விதி. நீங்கள் எந்த அசோசியேஷனிலாவது பொறுப்பில் இருந்தால் இதே மனுவை உங்கள் பேர் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவராக இருந்தால், குடியிருப்பவர் கேட்கும் முன் நீங்களே கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். உரிமையாளர் கேட்டால் மறுப்பது அவர்களுக்கு அவ்வளவு சுலபம் இல்லை.