பாலைவன எலிகள் விதைகளைப் பங்கிட்டு உண்கின்றனவா?

“பாலைவனத்தில் பல இன எலிகள் விதைகளை ஒரே வளையில் சேர்த்துவைத்துப் பகிர்ந்து உண்கின்றன” என்றொரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், போர்ட்டல் என்ற ஊருக்கு அருகே 1977-இல் சூழலியலாளர் ஜேம்ஸ் பிரவுன் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 50 மீட்டர் நீள அகலமுள்ள நிலத்துண்டுகளுக்குக் கம்பிவலை வேலி போட்டார்கள். சிலவற்றில் சிறிய எலிகள் மட்டுமே நுழையும் அளவுக்கு வாசல் விட்டார்கள். பின்னங்கால்களால் தாவிச் செல்லும் பெரிய கங்காரு எலிகளால் உள்ளே வர முடியவில்லை. சில ஆண்டுகளில் அங்கே விதை தின்னும் சிற்றெலிகள் பெருகிவிட்டன. அதுவரை அவற்றை அடக்கிவைத்திருந்தது கங்காரு எலிகளின் போட்டிதான். பகிர்வு இருந்திருந்தால் இப்படி நடக்குமா?

கங்காரு எலி தனித்து வாழும் பிராணி. கன்னத்தின் வெளிப்புறமுள்ள மயிர்ப்பைகளில் விதைகளை அடைத்துக்கொண்டு போய், சிறு குழிகளில் புதைத்துவைக்கும். மற்ற எலிகள் மோப்பம் பிடித்துத் தோண்டி எடுத்துக்கொள்ளும். இதைத்தான் பகிர்வு என்று எழுதுகிறார்கள். அப்பட்டமான திருட்டு இது.

பிறகு எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன? இடத்தையும் நேரத்தையும் பிரித்துக்கொள்வதால்தான். தாவி ஓடித் தப்பும் கங்காரு எலி வெட்டவெளியில் மேய்கிறது. கன்னப்பைச் சுண்டெலிகள் என்ற சிற்றெலிகள் பெரும்பாலும் புதரடியை நாடுகின்றன. இஸ்ரேலின் நெகேவ் மணற்குன்றுகளில் ஜெர்பில் என்ற பாலைவன எலிகளில் பெரிய இனம் முன்னிரவிலேயே விதை நிறைந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். சிறிய இனம் பின்னிரவில் வந்து மிச்சத்தைப் பொறுக்கும்.