வரைபட மென்பொருள் செய்பவர்களே, ஸ்னாப்பிங்கை ஏன் அணைத்தே தருகிறீர்கள்?

வரைபட மென்பொருளில் பதிப்புக்குப் பதிப்பு புது எடிட்டிங் கருவிகள் வருகின்றன. வளைவு வரையலாம், ஒரே இழுப்பில் வடிவத்தை மாற்றலாம், எல்லாம் அழகுதான். ஆனால் புது ப்ராஜெக்ட் திறந்தால் ஸ்னாப்பிங், அதாவது வரையும் புள்ளியை அருகிலுள்ள புள்ளியிலோ கோட்டிலோ தானாக ஒட்டவைக்கும் வசதி, அணைந்தே கிடக்கிறது. கவனிக்காமல் வரைபவர் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாலிகன் (நிலத்துண்டு போன்ற மூடிய வடிவம்) போட்டால் நடுவில் நில அளவில் 10 செ.மீ. இடைவெளி விழும். 1:10,000 அளவில் அது திரையில் 0.01 மி.மீ. எந்தக் கண்ணுக்குத் தெரியும்? ஓவர்லே, அதாவது ஒரு வரைபட அடுக்கை இன்னொன்றின் மேல் வைத்துக் கணக்கிடுதல், போடும்போதுதான் நூல் நூலாகச் சில்லுப் பாலிகன்கள் கொட்டும், பரப்பளவுக் கூட்டல் உதைக்கும்.

இயக்கினாலும் அடுத்த வம்பு, டாலரன்ஸின் (எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் ஒட்ட வேண்டும் என்ற வரம்பின்) அலகு. மீட்டர் என்று நினைத்து 1 கொடுத்தால், வரைபடம் அட்சரேகை-தீர்க்கரேகையில் இருந்தால் அது 1 டிகிரி. வடக்கு-தெற்காக ஏறத்தாழ 111 கி.மீ.! சுட்டியை எங்கே வைத்தாலும் எங்கோ இருக்கிற புள்ளியில் போய் ஒட்டும். பிக்சலில் 10 அல்லது 12 வையுங்கள், போதும்.

டோப்பாலஜிக்கல் எடிட்டிங்கையும், அதாவது பொது எல்லைப் புள்ளியை நகர்த்தினால் இரு பாலிகனும் சேர்ந்தே மாறும் வசதியையும், சேர்த்தே இயக்குங்கள். அப்போதும் ஒரு ஓட்டை உண்டு. இந்தப் பாலிகனின் முனைப்புள்ளி இருக்கும் இடத்தில் அடுத்ததன் எல்லையில் புள்ளியே இல்லாவிட்டால், இதை நகர்த்தும்போது அது கூட வராது, எல்லை பிளந்துவிடும். முதலில் அங்கே ஒரு புள்ளி சேர்த்துவிட்டு நகர்த்த வேண்டும். இந்த எச்சரிக்கையைத் திரையிலேயே காட்ட ஒரு சிவப்புப் புள்ளி போதுமே, அதைச் செய்யுங்கள் முதலில்!