படம் வரைந்தவர்கள் சரி, தேர்வு செய்தவர்கள்?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் நடக்கும் பதின்வயதினர் ஓவியக் கண்காட்சி பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் ஓவியங்களைப் பாராட்டியதோடு நிறுத்திவிட்டீர்களே! அங்கே விசேஷமே வேறு. 1999-ல் தொடங்கிய 'டீன் கவுன்சில்' என்ற பதின்வயதினர் குழுவின் பிள்ளைகள்தான் படைப்புகளை வரவழைத்து, தேர்ந்தெடுத்து, கண்காட்சியை அமைக்கிறார்கள். சும்மா தொண்டு வேலையும் இல்லை, சம்பளம் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளை தன் வயதுக்காரரிடம் "உன் படம் இந்த முறை இல்லை" என்று சொல்வது லேசான காரியமா?

அந்த ஊரில் இருந்தபோது ஒருமுறை போயிருந்தேன் (அனுமதி இலவசம், அதுவும் ஒரு காரணம்!). வெளியே தகடு போர்த்திய இணைகர வடிவக் கட்டடம் வெயிலில் கண்ணைக் கூசும். உள்ளே கால்சட்டைப் பையில் அளவுநாடா தொங்க ஒரு பெண், சுவரில் இருந்த படத்தைத் தள்ளி நின்று பார்ப்பதும், கிட்டே போவதுமாக இருந்தாள். "அரை இஞ்ச் இறங்கியிருக்கு" என்று தோழனிடம் சண்டை. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நம் பள்ளி ஓவியப் போட்டிகளில் நடுவர் நாற்காலி எப்போதும் பெரியவர்களுக்குத்தான். ஒரே ஒரு தடவையாவது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாருங்களேன்.