ஆறாவது முறையில் தப்பிய மிராஜ்

2025 நவம்பர் 21 அன்று, துபாய் விமானக் கண்காட்சியின் கடைசி நாளில், தேஜஸ் போர்விமானம் ஒன்று சாகசப் பறத்தலின் நடுவே தரையில் மோதி, விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அன்று இரவே எங்கள் சிமுலேட்டர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. தேஜஸ் கைவசம் இல்லாததால், டிசிஎஸ் என்ற கணினிச் சிமுலேட்டர் விளையாட்டில் மிராஜ் 2000 விமானத்தை எடுத்துக்கொண்டு, செய்திகளில் பார்த்த உயரத்தையும் புரட்டலையும் கண்மதிப்பாகக் கணக்கிட்டு, நண்பர் ஒருவர் ஐந்து முறை தரையில் மோதியிருந்தார். ஆறாவது முறை விமானம் மரங்களை உரசாத குறையாக மேலெழுந்தது. "காப்பாற்றியிருக்க முடியும்" என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தார். அதற்குப் பத்துப் பதினைந்து பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். விமானியின் உடல் நாடு திரும்புவதற்கு முன்பே அவருக்கு மதிப்பெண் போட்டு முடித்துவிட்டோம் என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலையில்தான் உறைத்தது.

நான் விமானி அல்லன். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்களின் இரைச்சல் எட்டும் தூரத்தில் குடியிருப்பவன். மேசையில் ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு த்ராட்டில், காலுக்கடியில் இரண்டு பெடல்கள், வீட்டாரின் வாயில் "பெரிய பிள்ளை விளையாட்டு" என்ற பெயர், இவ்வளவுதான் என் வான்படை. இந்த விளையாட்டை நான் மதிக்கிறேன். இராணுவ விமானங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, ஒரு விமானத்தின் கையேட்டைப் படித்து அதன் எஞ்சினை முறைப்படி இயக்கக் கற்றுக்கொண்ட இரவுகளில் வந்தது. ஆனால் அந்த இரவுகள் எனக்கு எதைக் கற்றுத் தந்தன, எதைக் கற்றுத் தரவே முடியாது என்ற கணக்கை நான் சரியாகப் போட்டுப் பார்த்ததில்லை. இந்தப் பதிவு அந்தக் கணக்கைப் பற்றியது.

சிமுலேட்டரை வெறும் பொம்மை என்று ஒதுக்குபவர்களுக்கு அதன் பிறப்பை நினைவூட்டலாம். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்த குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே, சாய்ந்து திரும்பும் ஒரு குட்டி விமானக் கூட்டை 1929-இல் செய்து முடித்தார். முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காக்கள்தாம் வாங்கின. 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பணியில் இறக்கப்பட்டு, இரவிலும் மூடுபனியிலும் அடுத்தடுத்து மோதி இறக்கத் தொடங்கிய பிறகே, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழக்கும் அந்தக் கூட்டின் அருமை தெரிந்தது. இராணுவம் ஒவ்வொன்றும் 3,500 டாலர் விலையில் ஆறு கூடுகளை வாங்கியது. ஆக, சிமுலேட்டர் என்ற கருவி இராணுவத்துக்குள் நுழைந்ததே மேகத்துக்குள் மனிதன் தடுமாறுகிறான் என்ற ஒரே காரணத்தால்தான். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தடுமாற்றம் தீர்ந்துவிடவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் குழுவில் அடிக்கடி எழும் வாதம் ஒன்று உண்டு: வீட்டுச் சிமுலேட்டரில் பிழை இருக்கலாம், ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்து விமானப்படை வைத்திருக்கும் சிமுலேட்டர் உண்மை விமானத்துக்குச் சமம் என்பது. 2020 மே 19 அன்று இரவு அமெரிக்காவின் எக்லின் தளத்தில் நடந்த எஃப்-35 விபத்தைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த விமானி, வேகத்தைக் கணினியே பிடித்து வைத்துக்கொள்ளும் வசதியை இயக்கிய நிலையிலேயே, 202 நாட் (மணிக்குச் சுமார் 374 கிலோமீட்டர்) வேகத்தில், அதாவது வழக்கமான தரையிறங்கும் வேகத்தைவிட 50 நாட் கூடுதலாக, ஓடுபாதையைத் தொட்டார். தலைக்கவசத்தில் தெரிய வேண்டிய குறியீடுகள் சற்று இடம் பிசகித் தெரிந்ததால் அவருடைய கவனம் அங்கே சிக்கிக்கொண்டிருந்தது. விமானம் பந்துபோல் எகிறியது. அவர் குச்சியை ஆட்டிய திசைக்கும், பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினி வால் சிறகுகளை அசைத்த திசைக்கும் பொருத்தம் அறுந்தது. ஓரிரு நொடிகளில் மனிதனும் எந்திரமும் ஒருவருக்கொருவர் எதிராக இழுக்கத் தொடங்கினார்கள். அவர் இருக்கையோடு வெளியேறி உயிர் பிழைத்தார். சுமார் 17.6 கோடி டாலர் பெறுமதியுள்ள விமானம் புரண்டு எரிந்தது.

அந்த விசாரணை அறிக்கையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் வேறு. அதே சூழ்நிலையைச் சிமுலேட்டரில் வைத்துப் பார்த்தபோது விமானத்தைச் சமாளித்து இறக்க முடிந்திருக்கிறது. உண்மை விமானம் அந்த நிலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சிமுலேட்டர் சரியாகக் காட்டவில்லை என்று விசாரணைக் குழுவே எழுதியது. கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள, அதே விமானத்துக்கென்றே கட்டப்பட்ட சிமுலேட்டர் "காப்பாற்றலாம்" என்று சொன்னது, காப்பாற்ற முடியவில்லை. எங்கள் நண்பர் வேறொரு நாட்டின் வேறொரு விமானத்தை வைத்து, ஆறாவது முயற்சியில், அதே சொல்லைச் சொன்னார்.

ஒரு சிமுலேட்டர், பொறியாளர்கள் அளந்து எழுதிய எண்களுக்கு உட்பட்ட பகுதியில் மட்டுமே உண்மை பேசும். சோதனை விமானிகள் பறந்து அளந்த வேகங்களிலும் கோணங்களிலும் அதை நம்பலாம். அந்த எல்லையைத் தாண்டியதும் அது ஊகிக்கத் தொடங்குகிறது. ஆனால் திரையில் தெரியும் படம் அதே தெளிவோடு ஓடுவதால், ஊகம் தொடங்கிய இடம் நமக்குத் தெரிவதில்லை. விபத்துகளோ பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியேதான் நடக்கின்றன. ஆகவே விபத்தை மறுபடி நிகழ்த்திப் பார்ப்பதற்குச் சிமுலேட்டர் மிகப் பொருத்தமான கருவி என்ற எங்கள் எண்ணம் ஏறக்குறைய தலைகீழானது.

இப்போது மேகத்துக்கு வருகிறேன். இதில் என் தவறும் இருக்கிறது.

2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உள்ளிட்டோரை ஏற்றிக்கொண்டு சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய மி-17வி5 ஹெலிகாப்டர், குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் மோதி எரிந்தது. அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறியவர்களுக்குத் தெரியும், பர்லியாறு வரை வெயிலாக இருக்கும். இரண்டு வளைவு தாண்டினால் முன்னால் போகும் பேருந்தின் பின்விளக்கு மட்டும் தெரியும். அந்த வாரமே நான் டிசிஎஸ்ஸில் அதன் நெருங்கிய உறவான மி-8 ஹெலிகாப்டரை எடுத்து, காக்கேசிய மலைப் பள்ளத்தாக்கில் மூடுபனியை வரவழைத்து, அதற்குள் நுழைந்து, கருவிகளைப் பார்த்தபடி நேராக மேலேறி வெளியே வந்தேன். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. "ஏன் மேலேறவில்லை?" என்று குழுவில் எழுதினேன். கேள்வி போலத்தான் எழுதினேன், ஆனால் அது கேள்வி அல்ல.

2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்ட விளக்கம் எந்திரக் கோளாறு, சதி, அலட்சியம் ஆகிய மூன்றையும் மறுத்தது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது என்றும், அதனால் விமானிக்குத் திசையுணர்வு பிறழ்ந்து, கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே அது மலையில் மோதியது என்றும் சொன்னது. திசையுணர்வுப் பிறழ்வு என்றால் என்ன என்று அப்போதுதான் முறையாகப் படித்தேன். நம் உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்களில் இருக்கும் திரவம், திருப்பம் தொடங்குவதையும் முடிவதையும் உணரும்; ஒரே சீராக நீடிக்கும் திருப்பத்தைச் சில நொடிகளுக்குப் பிறகு உணராது. மேகத்துக்குள் சாய்ந்தபடி திரும்பிக்கொண்டிருக்கும் விமானி நேராகப் போவதாகவே உணர்வார். கருவியைப் பார்த்து நிமிர்த்தினால், மறுபக்கம் சாய்ந்துவிட்டதாக உடல் அலறும். அனுபவம் அந்த அலறலை நிறுத்துவதில்லை. அதைப் பொருட்படுத்தாமல் இருக்க மட்டுமே பழக்குகிறது, அதுவும் கருவிகளுக்குக் கண்ணைத் திருப்பப் போதிய நொடிகள் கிடைத்தால்.

என் அறையில் நாற்காலி அசையவில்லை. என் காது பொய் சொல்லவில்லை. கருவிகளை அமைதியாகப் பார்க்க முடிந்ததற்குக் காரணம் என் திறமை அல்ல, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஓர் உடல் அங்கே இல்லாததுதான்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. ஆறு கால்களின் மேல் நின்று அசையும் பெரிய பயிற்சிச் சிமுலேட்டர்கள், நீண்ட நேர முடுக்கத்தை அறைக்குள் உண்டாக்க முடியாது என்பதால், கூண்டை மெல்லப் பின்பக்கம் சாய்க்கின்றன. முதுகு இருக்கையில் அழுந்த, அந்தச் சாய்வை உட்காது முடுக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. சாய்வையும் முடுக்கத்தையும் பிரித்தறியத் தெரியாத இதே குறைதான், இருட்டில் வேகமெடுத்துக் கிளம்பும் விமானிக்கு மூக்கு மிகவும் தூக்கிவிட்டதாகப் பொய் சொல்லி, அவர் கையாலேயே மூக்கைத் தரையை நோக்கி அழுத்த வைக்கிறது. சிமுலேட்டரை உண்மைபோல் ஆக்கும் வித்தையும் விமானியைக் கொல்லும் மயக்கமும் ஒன்றேதான். பெங்களூரில் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம், உடலை ஏமாற்றுவதற்கென்றே தனிச் சிமுலேட்டர் வைத்து விமானிகளைப் பழக்குவது இதனால்தான்.

குன்னூர் விபத்து குறித்து 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் இருந்தது "மனிதத் தவறு" என்ற இரண்டே சொல். விமானப்படையின் முந்தைய விளக்கத்துக்கு அது முரண் அல்ல. வகைப்படுத்தும் பட்டியலில் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும். ஆனால் செய்திகளில் மீண்டும் சுற்றியது அந்த இரண்டு சொல்தான். வானிலை, பள்ளத்தாக்கு, உட்காது, சில நொடிகள் என்ற சங்கிலி அந்தச் சொற்களுக்குள் போய் மறைந்துகொண்டது. அந்த விபத்தில் முதலில் உயிர் தப்பி, ஒரு வாரம் போராடி இறந்த குரூப் கேப்டன் வருண் சிங், 2020 அக்டோபரில் ஒரு தேஜஸ் விமானத்தில் விமானி அறையின் காற்றழுத்தமும் பறப்புக் கட்டுப்பாடும் அடுத்தடுத்துப் பழுதானபோது வெளியேறாமல் அதைப் பத்திரமாக இறக்கி சௌரிய சக்ரா விருது பெற்றவர். வெளியேறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

வெளியேறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசிஎஸ்ஸில் கண்ட்ரோல் விசையையும் இ விசையையும் சேர்த்து மூன்று முறை தட்டினால் போதும். அடுத்த நிமிடம் புதிய விமானத்தில் உட்கார்ந்திருப்போம். "ஏன் இன்னும் முன்னதாக வெளியேறவில்லை" என்று அதனால்தான் இவ்வளவு எளிதாகக் கேட்கிறோம். உண்மையில் அந்த இருக்கை முதுகெலும்பை நசுக்கக்கூடிய வேகத்தில் ஆளைத் தூக்கி எறிகிறது. கீழே யார் வீட்டின் மேல் விமானம் விழும் என்ற கேள்வியும் அதே நொடியில்தான் வருகிறது.

நியாயமாக மறுபக்கத்தையும் எழுதுகிறேன். மிக்-21 விமானத்தை "பறக்கும் சவப்பெட்டி" என்று பத்திரிகைகள் எழுதியபோது நானும் நம்பினேன். சிமுலேட்டரில் அதன் பிஸ் ரகத்தை இறக்கப் பழகியபோதுதான் வேறொன்று புரிந்தது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், தூக்கிய மூக்கு முன்பார்வையை மறைக்க, எஞ்சின் விசையைச் சற்று அவசரப்பட்டுக் குறைத்தாலும் கீழே விழுந்துவிடும் அந்த விமானத்தை, மெதுவான பயிற்சி ஜெட்டில் பழகிய இளைஞனிடம் நேரடியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை என் கைகள் எனக்குச் சொல்லின. இடையில் ஒரு மேம்பட்ட பயிற்சி விமானம் தேவை என்று, விமானப்படை விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டைன் குழு 1982-இலேயே பரிந்துரைத்தது. அப்படிப்பட்ட ஹாக் பயிற்சி விமானங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2004-இல். கர்நாடகத்தின் பீதரில் அவை படையில் சேர்ந்தது 2008-இல். இந்தியா பெற்ற 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துக்குள்ளாகி, 171 விமானிகள் இறந்ததாக 2012-இல் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அந்த விபத்துகள் எல்லாவற்றுக்கும் பயிற்சி இடைவெளிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழியை எந்திரத்தின் மேலும் இறந்த இளைஞர்கள் மேலும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, கோப்புகள் காத்திருந்த ஆண்டுகளை நாம் பெரிதாகப் பேசவில்லை. சிமுலேட்டர் எனக்குக் கொடுத்த நல்ல பலன் இதுதான். "நான் செய்திருப்பேன்" என்ற துணிச்சலை அல்ல, "இவ்வளவு கடினமானதை யார், எந்தத் தயாரிப்போடு, இவரிடம் கொடுத்தார்கள்?" என்ற கேள்வியை அது கொடுத்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேட ஆவணம் வேண்டும். எக்லின் விபத்தைப் பற்றி நான் இவ்வளவு எழுத முடிந்ததற்குக் காரணம் அமெரிக்க விமானப்படை அந்த அறிக்கையை வெளியிட்டதுதான். தங்கள் சிமுலேட்டரின் குறையைக்கூட அதில் மறைக்கவில்லை. நம் நாட்டில் விமானப்படை விசாரணைக் குழுவின் (கோர்ட் ஆஃப் என்கொயரி) முழு அறிக்கை பொதுவெளிக்கு வருவதில்லை. இரகசியம் காக்க வேண்டிய பகுதிகள் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கமாவது தரலாம். பத்தாயிரம் பறப்பு மணி நேரத்துக்கு 0.93 ஆக 2000-2005 காலத்தில் இருந்த நம் விமானப்படையின் விபத்து விகிதம் 2020-2024-இல் 0.20 ஆகக் குறைந்திருக்கிறது. இது பெரிய முன்னேற்றம். எப்படிச் சாதித்தார்கள் என்று விளக்கமாகச் சொன்னால் அவர்களுக்குத்தான் பெருமை. அறிக்கை இல்லாத இடத்தை எங்கள் ஆறாவது முறை மிராஜ் நிரப்பிக்கொள்கிறது.

மிராஜ் ஓட்டிய நண்பரோடு சென்ற வாரம் நெடுநேரம் பேசினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, முதல் ஐந்து முறை மோதியபோது ஒருமுறைகூடத் தனக்கு வியர்க்கவில்லை என்பதை அவரே சொன்னார். காணொளியை நீக்கிவிட்டார். குழுவில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்: உயிர்ச்சேதம் நடந்த விபத்தை, விசாரணை முடிவு வெளிவரும்வரை யாரும் சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டுவதில்லை. சிலருக்கு இதில் உடன்பாடில்லை, ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார். வரும் சனிக்கிழமை மி-8 ஹெலிகாப்டரில் மூடுபனிப் பயிற்சி இருக்கிறது. கருவிப் பலகையில் பாதியை அட்டை வைத்து மறைத்துவிட்டுப் பறக்கலாம் என்று மிராஜ் ஓட்டிய நண்பர்தான் யோசனை சொன்னார்.