சாமி கும்பிடாதவர் பொதுக் கணக்கைப் பார்க்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்தக் குரல் பதிவு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். "சாமியே இல்லைங்கிற ஆளுகிட்ட பொதுப் பணத்தைக் கொடுத்தா, அவரு யாருக்குப் பயப்படுவாரு?" கேட்டவர் என்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா. தன்னைப் பற்றிய அந்தப் பேச்சைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர் என் அப்பச்சி, அதாவது என் அப்பா. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சாமி கும்பிடுவது வேறு, யோக்கியமாக இருப்பது வேறு. இதைச் சொல்கிற நானும் சாமி கும்பிடுகிறவள்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவள். பிள்ளையார்பட்டி வழியாக பஸ் போனால் உட்கார்ந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள். அதனால் "இவளும் கறுப்புச் சட்டை" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

அப்பச்சி குலத்து முன்னோர்களுக்குச் செய்கிற படைப்புக்கு வருவார், பந்தியில் ஓடியாடிப் பரிமாறுவார், கும்பிட மட்டும் மாட்டார். பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான எங்கள் பூர்வீக வீட்டுச் சாவி பல வருஷமாக அவரிடம்தான் இருக்கிறது. எந்தப் பங்குக்கு எந்த அறை, அதில் என்ன பித்தளை அண்டா, எத்தனை மங்குச் சாமான் என்று எல்லாம் நோட்டில் இருக்கும். தட்டின் விளிம்பில் சின்ன உடைசல் என்றால் அதையும் எழுதியிருப்பார். நோட்டின் தலையில் பிள்ளையார் சுழி இருக்காது, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வருகிற பங்காளி கேட்டால் வெள்ளையடித்த கூலிச் சீட்டு வரை எடுத்து வைப்பார்.

அதே வீட்டில் பூட்டிக்கிடந்த பின்கட்டுக் கதவை நிலையோடு பெயர்த்து விற்றது யார்? நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற இன்னொரு பங்காளி. காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்துபோன என் ஆத்தா, நிலையில் செதுக்கியிருந்த லட்சுமியைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார். விற்றது லட்சுமியை! அப்போது சாமி பயம் எங்கே போனது? அவரைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் வாய் திறக்கவில்லையே.

"நாத்திகம் பேசினவர்களும் கொள்ளையடிக்கவில்லையா?" என்பீர்கள். அடித்தார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லையே. இரண்டு பக்கமும் திருடன் இருக்கிறான் என்றால், சாமி கும்பிடுவதை வைத்து ஆளை எடைபோட முடியாது என்றுதானே அர்த்தம்?

நம் சிராவயலில் ஆசிரமம் நடத்திய, பின்னால் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவாவை மறந்துவிட்டோமா? 1927-இல் காந்தியே அங்கே வந்து அவரைப் பார்த்தார். பின்னால் பகத் சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழில் கொண்டுவந்து சிறைக்குப் போனார். 1952-இல் எம்.எல்.ஏ. ஆனவர், தாம்பரத்தில் குடிசையில்தான் குடியிருந்தார். அவர் எந்தச் சாமிக்குப் பயந்து கை சுத்தமாக இருந்தார்? கொள்கையில் எதிரெதிராக நின்ற மடாதிபதி குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் ஒருவரையொருவர் மதித்துப் பழகிய ஊர்ப்பக்கம் இது. இங்கேயா இந்தப் பேச்சு?

"தெய்வ பயம் இல்லாவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அக்கா, நான் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று அப்பச்சி ஒருநாளும் சொன்னதில்லை. "யார்கிட்ட பொய் சொன்னியோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லிட்டு வா" என்பார். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

சித்தப்பா, உங்கள் ஆத்தா இறந்த ராத்திரி ஐஸ் பெட்டிக்கு அலைந்தது யார்? அன்றைக்கு அவர் சாமி கும்பிடுகிறாரா என்று கேட்டீர்களா?

வீட்டுக்குத் தனியாக வந்து, காபி குடித்துவிட்டு, "மனசுல வச்சுக்காத ஆத்தா" என்று சமாதானம் பேச வேண்டாம். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்திலேயே திரும்ப வாங்குங்கள். அப்பச்சியின் நோட்டு அங்கே மேசைமேல் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.